வாவிக்கரை வரலாறு – 17: சேற்றில் பிறந்த வாயு

சென்ற இதழில் 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியோடு நிறுத்தியிருந்தேன். ஒரே ஒரு புயலைச் சுட்டிக்காட்டி, இது புவி வெப்பமாதலின் பிள்ளை என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. வங்கக் கடல் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலும் சீறியிருக்கிறது. ஆனால் கடலையும் காற்றையும் இன்று சூடேற்றிக்கொண்டிருக்கும் வாயுக்களின் வரலாற்றில் மட்டக்களப்புக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் எழுதப்பட்டது தொழிற்சாலையில் அல்ல, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில். அதற்கு முன் கொஞ்சம் இலண்டன் வரை போய்வர வேண்டும். போகும் வழியும் வாவியில்தான் தொடங்குகிறது.

1848 செப்டெம்பரில் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கண்டிச் சீமையில் கிளர்ச்சி வெடித்து, அரசு அதைக் கொடுமையாக அடக்கியிருந்தது. மட்டக்களப்பில் துரையின் காதில் விழுந்தது வேறு கதை: வாவிக்குள் மீன் பாடுகிறதாம். இரவில் தோணியேறிப் போனார், கேட்டார், அது நத்தை சிப்பி இனங்களின் ஒலியாக இருக்கலாம் என்று ஊகித்தார். இலங்கையைப் பற்றிய அவருடைய பெரிய நூல் இரண்டு தொகுதிகளாக 1859இல் இலண்டனில் வெளிவந்தது. மீன்பாடும் தேனாட்டை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

அதே 1859இல், அதே இலண்டனில், இன்னோர் அயர்லாந்துக்காரர் ஒரு நீண்ட குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஜோன் டின்டால். குழாயின் இரு முனைகளையும் பாறையுப்புத் தகடுகளால் அடைத்திருந்தார். கண்ணாடி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை மறித்துவிடும். உப்புத் தகடு விட்டுவிடும். ஒரு பக்கத்தில் கொதிநீர் நிரம்பிய பெட்டி, மறுபக்கத்தில் வெப்பத்தை உணர்ந்து ஊசியை நகர்த்தும் கருவி. நடுவிலுள்ள குழாய்க்குள் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, எது எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று பார்த்தார். காற்றின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் ஏறக்குறைய எதையுமே விழுங்கவில்லை. ஊசி அசையாததால் சலிப்புற்றிருந்த நேரத்தில், ஆய்வுகூட விளக்குகளுக்குக் குழாய்வழி வந்த நிலக்கரி வாயுவைச் செலுத்திப் பார்த்தார். ஊசி துள்ளியது. அந்த விளக்கு வாயுவின் பெரும்பகுதி ஐதரசனும் மெதேனும்.

டின்டால் பின்னர் வெளியிட்ட அட்டவணையில் காற்றுக்கு 1 என்று வைத்தால், காபனீரொட்சைட்டுக்கு 90. நைத்திரசு ஒட்சைட்டுக்கு 355. சதுப்பு நிலங்களில் குமிழியிடுவதால் அக்காலத்தில் சதுப்பு வாயு எனப்பட்ட மெதேனுக்கு 403. அவருடைய குழாயில், அவருடைய அமுக்கத்தில் கிடைத்த எண்கள் இவை; இன்றைய கணக்குகளோடு நேராக ஒப்பிடக் கூடாது. என்றாலும் அந்த மூன்று வரிகளையும் நினைவில் வைத்திருங்கள். மூன்று வாயுக்களும் ஒரே இடத்தில் கூடிப் புழங்குவதைப் பார்க்க விரும்புகிறவர் வவுணதீவுக்கு அப்பால் உள்ள எந்த வயலுக்கும் போகலாம்.

டின்டாலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1856இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய உருளையே அதிகம் சூடாவதைக் கண்டு எழுதியிருந்தார். அந்த வாயு கூடினால் உலகம் சூடாகும் என்றும் ஊகித்தார். அவருடைய கட்டுரையை அறிஞர் சபையில் வாசித்தவர் ஓர் ஆண். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவரும் அந்தப் பெண்மணியைத் தேடவில்லை.

இந்த வாயுக்கள் முற்றாக இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகை அளவில் இருந்திருக்கும். அவை இருப்பதால் 15 பாகை அளவில் வாழ்கிறோம். ஆக வாயு பகையில்லை, அளவு மிஞ்சியதே பகை. 1896இல் சுவீடனின் ஸ்வான்டே அரீனியஸ், காபனீரொட்சைட்டு இரட்டித்தால் எத்தனை பாகை கூடும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1958இல் சார்ல்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மெதேன் நூறு கோடியில் 720 பங்கிலிருந்து 1,900க்கு மேல் ஏறிவிட்டது. இந்த ஏற்றங்களின் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் வயலுக்குத் திரும்புகிறேன்.

மெதேனை முதலில் பிடித்துப் பரிசோதித்தவர் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. 1776 நவம்பரில், இத்தாலியின் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைத் தடியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் போத்தலில் அடைத்தார். நெருப்புக் காட்டியபோது நீலமாக எரிந்தது. மண்டூர்ப் பக்கத்துத் தில்லையும் கண்டலும் அடர்ந்த கரையில் கால் புதையும் சேற்றில் நடந்த சிறுவர்கள் அனைவரும் அந்தக் குமிழியை மிதித்திருப்பார்கள். நெருப்புக் காட்டிப் பார்க்கும் யோசனை வந்ததா என்பது வேறு.

வயலில் நடப்பதும் அதுவே. தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஒட்சிசன் இறங்காது. அங்கிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் முதலில் மிஞ்சிய ஒட்சிசனைத் தீர்க்கும், பிறகு நைத்திரேற்று, இரும்பு, சல்பேற்று என்று ஒவ்வொன்றாகச் சுவாசித்துத் தீர்க்கும். எல்லாம் தீர்ந்த பின், உக்கிய வைக்கோலிலிருந்தும் வேர்க் கசிவிலிருந்தும் மெதேனை ஆக்கும் தொல்லுயிர்கள் தலையெடுக்கும். தண்ணீர் கட்டிய இரண்டொரு கிழமைகளில் இந்த மாற்றம் வந்துவிடும். வந்த மெதேனில் சிறு பங்கு மட்டுமே குமிழியாக மேலே வருகிறது. பெரும்பங்கு நெற்பயிரின் தண்டுவழியே போகிறது. வேருக்குக் காற்றுக் கொண்டுபோக இயற்கை தந்த துளைகள், எதிர்த்திசையில் வாயுவை வெளியேற்றும் புகைக்கூண்டாகவும் வேலை செய்கின்றன. ஒரு தொன் மெதேன் நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27 தொன் காபனீரொட்சைட்டு செய்யும் வேலையைச் செய்யும்; இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 தொன்னின் வேலை. ஆனால் பன்னிரண்டு ஆண்டளவில் வானில் சிதைந்துவிடும். காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுகள் நிற்கும்.

மனிதச் செயலால் வெளியேறும் மெதேனில் நெல்வயல்களின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களிடமிருந்து வருவது மூன்றில் ஒன்று அளவில். ஆடுமாடுகளின் பங்கும் பெரியது. எங்கள் தயிர்ச் சட்டிக்கும் அந்தக் கணக்கில் ஓர் ஓரம் உண்டு.

மட்டக்களப்பு வேளாண்மைக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது, இந்தக் கதைக்கு அது முக்கியம். தஞ்சாவூர்க்காரரைப்போல நாற்று நட்டு, நட்ட நாள் முதல் தண்ணீர் கட்டி நிறுத்தும் பழக்கம் இங்கே குறைவு. இங்கே விதைப்புத்தான். மழையை நம்பிய காணிகளில் புழுதி உழவில் விதைத்து, ஐப்பசி மழைக்கு முளைக்க விடுவார்கள். முதல் சில கிழமைகள் மண் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். வெள்ளம் பிறகே தேங்கும். அத்தனை நாள் மெதேனும் பிறக்காது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் வயற்கண்டங்களில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் வாய்க்காலில் வரும், வட்டவிதானையின் கண்காணிப்பில் பாயும், நிற்கும். காணிச் சொந்தக்காரரான போடியாரும் அவருக்காக வயல் பார்த்த முல்லைக்காரரும் இருந்த காலத்திலும் சரி, கமக்கார அமைப்புகளின் இக்காலத்திலும் சரி, நிற்கிற தண்ணீரைப் பார்த்தால்தான் வேளாண்மைக்காரனுக்கு மனம் ஆறும். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

*

1990ஆம் ஆண்டு இரண்டு காரணங்களுக்காக இந்த அத்தியாயத்துக்கு வேண்டும்.

முதலாவது வொஷிங்டனில். காலநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சுகள் தொடங்கவிருந்த நேரம். எந்த நாடு எவ்வளவு பச்சைவீட்டு வாயு விடுகிறது என்ற பட்டியல்கள் வெளிவரத் தொடங்கின. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகாமையின் கணிப்பில் இந்திய நெல்வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 3.78 கோடித் தொன் மெதேன் விடுவதாக இருந்தது. பிற நாடுகளின் வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியாவின் நெற்பரப்பால் பெருக்கிக் கண்ட விடை. அதைப் பார்த்தால் உலகைச் சூடாக்குகிறவர்களின் முன்வரிசையில் ஏழைக் கமக்காரனும் அமர்ந்திருந்தான்.

புதுடில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அசேஷ் பிரசாத் மித்ரா அதைக் கேள்விக்குள்ளாக்கினார். 1991இல் அவருடைய தலைமையில் இந்தியாவின் பல மாநில வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, பயிரின் காலம் முழுவதும் வாயுவை நேரடியாக அளந்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் தொன். முந்திய கணிப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. இந்திய வயல்களில் கணிசமானவை மழையை நம்பியவை; இடையிடையே காய்பவை; மண்ணில் சேதனப் பொருளும் குறைவு. பிற நாட்டு வயலை வைத்து இந்திய வயலைக் கணக்கிட்டது பிழையாகப் போயிற்று. படுவான்கரையின் புழுதி விதைப்பைப் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். டில்லியில் கண்ட காரணமும் இங்கே உள்ள காரணமும் ஒன்றுதான்.

அதே 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் சமத்துவமற்ற உலகில் புவி வெப்பமாதல் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்கள். உயிர்வாழ விடும் வாயுவையும் ஆடம்பரத்துக்கு விடும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது அவர்களுடைய கேள்வி. அளவை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தக் கேள்விக்கு எந்த மாநாடும் நேரான பதில் சொல்லவில்லை. இலங்கையர் ஒருவர் இன்று ஆண்டுக்கு விடும் காபனீரொட்சைட்டு ஒரு தொன் அளவில். அமெரிக்கர் ஒருவருடையது அதைப்போல் பதினான்கு மடங்கு அளவில்.

1990இன் இரண்டாவது காரணம் வாவிக்கரையிலேயே. அந்த ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தது. எழுவான்கரை நகரம் அரச படைகளிடமும், படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளிடமுமாக வாவியே எல்லைக்கோடாயிற்று. வலையிறவுப் பாலத்திலும் துறைகளிலும் சோதனைச் சாவடிகள். மறுகரைக்கு டீசலும் பேட்டரியும் யூரியாவும் கொண்டுபோகத் தடையும் கட்டுப்பாடும். யூரியாவில் வெடிமருந்து செய்வார்கள் என்பது அரசு சொன்ன காரணம். கண்டம் கண்டமாகக் காணிகள் தரிசாகக் கிடந்தன. உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லை, பயிருக்குப் பசளை இல்லை, வெட்டிய நெல்லைக் கொண்டுவர வழி இல்லை. இந்த நிலை ஏறி இறங்கி 2007 வரை நீடித்தது.

வாயுக் கணக்கை மட்டும் பார்க்கும் ஒருவர் அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பார்த்து மெச்சக்கூடும். தண்ணீர் கட்டாத வயலிலிருந்து மெதேன் இல்லை. போடாத யூரியாவிலிருந்து நைத்திரசு ஒட்சைட்டு இல்லை. ஓடாத இயந்திரத்திலிருந்து காபனீரொட்சைட்டு இல்லை. இலங்கையின் மிகத் தூய வயல்கள் அவை. அகதி முகாம்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பெருமையை யாரும் சொல்லவில்லை, நல்லவேளை. வாயுவைக் குறைப்பது பற்றி யார் என்ன திட்டம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்தது: குறைந்த வாயுவுக்கு விலை கொடுத்தது யார்?

*

இனி நம்பிக்கை தரும் ஒரு கதை. அது தொடங்கிய இடம் பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

டி. எஸ். சேனாநாயக்காவின் அரசு 1949இல் இங்கினியாகலையில் அணை கட்டத் தொடங்கியது. கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அப்போது அது மட்டக்களப்பு மாவட்டம்; அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அந்தத் திட்டம் தமிழ், முஸ்லிம் மக்களின் நிலத்தையும் அரசியலையும் எப்படி மாற்றியது, 1956 இனக் கலவரத்தில் அங்கே என்ன நடந்தது என்பதையெல்லாம் ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். காட்டை மூழ்கடித்துக் கட்டும் எந்த நீர்த்தேக்கமும் உக்கும் மரங்களிலிருந்து மெதேன் விடும் என்பதை மட்டும் அப்போது சொல்லவில்லை.

அணை வந்து முப்பது ஆண்டுகளுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் சீரழிந்தன. தலைமடையில் இருந்தவர்கள் விரும்பியபடி தண்ணீர் எடுத்தார்கள், கடைமடைக்கு ஒன்றும் வரவில்லை. தலைமடையில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் தமிழ் பேசும் கமக்காரர்கள். 1980களின் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. கொங்கிறீற்றுக்கு முன் மனிதரைச் சரிசெய்வோம் என்று, இளைஞர்களை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் தங்கவைத்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கமக்காரர் குழுக்களை உண்டாக்கினார்கள். 1981 சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் கால்பங்கு அளவே நிரம்பியிருந்தது. அந்தப் பஞ்சத்திலும் தலைமடைக் குழுக்கள் தங்கள் முறைத் தண்ணீரில் மிச்சம் பிடித்துக் கடைமடைக்கு விட்டன. 1983 இனக் கலவரத்துக்கு இரண்டே ஆண்டுகள் முன்பு நடந்தது இது. இலங்கை வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு வரி கூட ஒதுக்காதது வருத்தத்துக்குரியது.

அந்த முயற்சியில் கோர்னெல் சார்பில் முன்னின்றவர் நோர்மன் அப்ஹோஃப். பட்டிப்பளையில் கற்றதைப் பின்னர் தனி நூலாக எழுதினார். 1990களில் மடகாஸ்கருக்குப் போனபோது, ஆன்றி டி லோலானியே என்ற பாதிரியார் அங்கே வளர்த்தெடுத்த ஒரு நெற்செய்கை முறையைக் கண்டார்: இளம் நாற்று, விலக்கி நடவு, தேங்காத நீர், ஈரம் மட்டும் மாறாத மண். அதை உலகெங்கும் பரப்பியவர் அப்ஹோஃப்தான். தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி, ஒற்றை நாற்று நடவு என்றெல்லாம் பேசப்படுவது இதன் பிள்ளைதான். விளைச்சல் பற்றிய அதன் உரிமைகோரல்களில் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஏற்றதில்லை. ஆனால் மண்ணை மூச்சுவிட வைத்தால் மெதேன் குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதையே இன்னும் எளிய வடிவில் கொடுத்தது. நனைத்துக் காயவிடும் முறை. துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை தண்ணீர் விடத் தேவையில்லை. வேர் எட்டிக் குடித்துக்கொள்ளும். இறங்கிய பின் மீண்டும் நனைக்கலாம். பூக்கும் காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் மெதேன் ஏறத்தாழப் பாதியாகும், தண்ணீரில் முப்பது வீதம் வரை மிஞ்சும், விளைச்சல் பெரிதாகக் குறையாது. காய்ந்து நனையும் மண்ணில் நைத்திரசு ஒட்சைட்டு கொஞ்சம் கூடும். யூரியாவை நேரம் பார்த்துப் பிரித்துப் போட்டால் அதையும் அடக்கலாம். கூட்டிக் கழித்தால் இலாபமே.

சரி, வாவிக்கரையில் ஏன் இது ஓடிப் பரவவில்லை? நின்ற தண்ணீரைப் பார்த்தால் வேளாண்மைக்காரனுக்கு மனம் ஆறும் என்றேன் அல்லவா? முதல் காரணம் புல். நாற்று நடுகிற வயலில் பயிர் புல்லை முந்திக்கொள்ளும். விதைக்கிற வயலில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன. மேலே நிற்கும் ஒரு சாண் தண்ணீர்தான் புல்லை அமுக்குகிறது. அதை வடித்துவிட்டால் களைகொல்லிக்கோ கூலிக்கோ காசு எண்ண வேண்டும். இரண்டாவது, நம்பிக்கை. இன்று வடித்துவிட்டால் அடுத்த முறைக்குத் தண்ணீர் வருமா? துருசு திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களம், முறை போடுவது போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டம். கடைமடைக்காரன் கிடைத்த அன்றே நிரப்பி வைப்பதைத் தவறென்று சொல்ல என்னால் முடியாது. மூன்றாவது, மாரி. கார்த்திகை, மார்கழியில் வானமும் வாவியும் ஒன்றாகிற நாட்களில் வயலைக் காயவிடு என்று சொல்கிறவர் மட்டக்களப்பைப் பார்க்காதவர்.

மாரியில் இங்கே கேள்வியே தலைகீழ். வாவி பெருகி, கரையோர வயல்கள் முழுகும்போது, முகத்துவாரத்தில் ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லிக் கமக்காரர்கள் கச்சேரிக்குப் படையெடுப்பார்கள். வெட்டினால் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போகும் என்று மீனவர்கள் மறிப்பார்கள். ஆண்டுதோறும் நடக்கும் இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்று சத்தமில்லாமல் சேர்ந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் அளவில் ஏறிவிட்டது. வாவி வடிவதற்குக் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். ஏறிய கடலுக்கு எதிரே ஆற்றுவாயை வெட்டினாலும் வடிவது மெல்ல. உவர் உள்ளே வருவது விரைவு. 2011 சனவரி வெள்ளத்தில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் மட்டக்களப்பு. குடலைப் பருவத்திலும் கதிர்ப் பருவத்திலும் நின்ற வேளாண்மை சேறாயிற்று.

*

டின்டாலின் மூன்றாவது வாயு மிச்சமிருக்கிறது. நைத்திரசு ஒட்சைட்டு. ஒரு தொன் 273 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வானில் தங்கும். வேளாண்மையில் அது வருவது பெரும்பாலும் பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட நைதரசனிலிருந்து. 2019 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் ஏற்பாட்டில் நாடுகள் கூடி, வீணாகும் நைதரசனை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்று கொழும்புப் பிரகடனம் செய்தன. நல்ல பிரகடனம். வீணாவதைக் குறைப்பது என்றால் அளவறிந்து, நேரமறிந்து இடுவது.

ஆனால் 2021 மே மாதத்தில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. பழகுவதற்கு ஒரு போகம்கூடக் கொடுக்கவில்லை. அதே ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அது சூழல் காக்கும் முடிவாக எடுத்துரைக்கப்பட்டது. இங்கே பெரும்போக விதைப்பு முடிந்து, பயிர் யூரியா கேட்கும் நேரம். கமநல சேவை நிலையங்களின் முன் கூட்டம். சேதனப் பசளை என்று வந்ததில் பாதி மண்ணும் கல்லும் என்று முறைப்பாடு. இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த நனோ நைதரசன் போத்தலை எப்படித் தெளிப்பது என்று விளக்க ஆளில்லை. வேளாண்மை மஞ்சளானது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. முன்பு மானியத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த 50 கிலோ மூடை, அடுத்த ஆண்டு பல்லாயிரம் ரூபாய்க்கு விற்றது. அரிசியில் தன்னிறைவு கண்டதாகச் சொல்லிய நாடு கப்பலில் அரிசி வாங்கியது.

படுவான்கரைக்கு யூரியா மறுக்கப்பட்டது இது இரண்டாவது தடவை. முதலில் பாதுகாப்பின் பேரால், பிறகு பசுமையின் பேரால். இரண்டு தடவையும் கமக்காரனிடம் கேட்கவில்லை. இந்தத் தடையால் நைதரசன் மீதான நியாயமான பேச்சே கெட்டுப்போனது என்பது என் கணிப்பு. இன்று ஓர் அதிகாரி வயலுக்கு வந்து யூரியாவை அளந்து போடுங்கள் என்று விஞ்ஞானப்படி சரியாகச் சொன்னாலும், வேளாண்மைக்காரன் காதில் 2021தான் ஒலிக்கும்.

இப்போது புதிதாக வருகிறவர்கள் காபன் வரவு வியாபாரிகள். நீ மெதேனைக் குறை, அந்தக் குறைவை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கித் தன் புகைக்கு ஈடு காட்டும், உனக்கும் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. காசு வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2024இல், சீனாவில் நெல்வயல் மெதேனைக் குறைத்ததாகப் பதிவாகியிருந்த 37 திட்டங்களை வெர்ரா என்ற பதிவு அமைப்பே செல்லாது என்று தள்ளியது. 1990இல் அளக்காமல் பழி சுமத்தினார்கள். இப்போது சரியாக அளக்காமல் புண்ணியம் விற்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன், பெட்டி கவிழ்த்து அளப்பது யார், எத்தனை முறை, பணத்தில் கமக்காரனுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் கமக்கார அமைப்புக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வழக்கம்போலத் தண்ணீர் திறக்கும் திகதியையும் விதைப்பு முடிக்கும் திகதியையும் மட்டும் தீர்மானித்துவிட்டு எழும்பி வராதீர்கள். ஒரே ஒரு கண்டத்தில், விருப்பமுள்ள சிலருடைய வயலில், குழாய் புதைத்து நனைத்துக் காயவிட ஒரு முறையை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேளுங்கள். அடுத்த முறைத் தண்ணீர் குறித்த நாளில் வரும் என்ற உறுதியை எழுத்தில் வாங்குங்கள். புல்லுக்கு ஆகும் மேலதிகச் செலவை யார் தருவது என்பதையும் கேளுங்கள். மிஞ்சும் தண்ணீர் கடைமடைக்குத்தான் போக வேண்டும் என்பதைக் கூட்ட அறிக்கையில் பதிந்துவிடுங்கள்.

(தொடரும்)